அட்டையில் அருட்பிரகாசம், கோலில் ஸ்ரனிஸ்லாஸ்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் கடைசித் தவணைச் சோதனைக்குப் போகவில்லை. ஆனாலும் பாரிசில் எங்கள் சென் அல்பேட்ஸ் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஆறு வருஷம் தலைவராக இருந்தவன் நான்தான். சங்கத்தில் பொறியியல் படித்தவர்கள் இருந்தார்கள். ஊரில் வாத்தியாராக இருந்தவர்கள் இருந்தார்கள். ஒருத்தரும் என்னை எதிர்த்து நிற்கவில்லை. கூட்டம் வைக்கிற இடம் ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் இருந்த என்னுடைய கடை. தேத்தண்ணி என்னுடையது. ஜேர்சி பதினைந்தும் என் செலவு. பிறகு ஆர் நிற்கிறது?

இந்தப் புத்தகத்தில் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் ஆட்கள் பலரைப் பற்றி எழுதிவிட்டேன். 1987ஆம் ஆண்டு இறுதியாட்டத்தைப் பற்றி எழுதாமல் முடித்தால் ஆட்கள் என்னைக் கடையில் வைத்தே பிடிப்பார்கள். அந்த ஆட்டத்தை எழுதுவதென்றால் கோல் காத்த ஆளைத்தான் எழுத வேண்டும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"எழுதுங்கோ அண்ணை," என்றார். "ஆனா பேரை மாத்திப் போடுங்கோ."

"உனக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கே. எந்தப் பேரை மாத்திறது?"

"ரெண்டையும் மாத்துங்கோ. இத்தனை காலம் ரெண்டு பேரைச் சுமந்தவன், இன்னும் ரெண்டைச் சுமக்க மாட்டனே?"

ஆகவே ஸ்ரனிஸ்லாஸ் என்பது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. அருட்பிரகாசம் என்பது அவருடைய அடையாள அட்டைப் பெயரும் இல்லை. கல்லூரிகளின் பெயரையும் மாற்றிவிட்டேன். வின்சன்ற் என்கிற என் பெயர் மட்டும் அசல். எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஸ்ரனிஸ்லாஸ் கடற்கரைப் பிள்ளை. தகப்பன் தொழிலுக்குப் போகிறவர். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவர் அருட்பிரகாசம் இரண்டாம் வகுப்போடு கொப்பியைப் போட்டுவிட்டுத் தகப்பனோடு வள்ளம் ஏறிவிட்டார். இளையவரையும் ஏற்றியிருப்பார்கள். ஆனால் பங்குச் சுவாமி ஒரு நாள் பெடியன் பந்து பிடிக்கிறதைக் கண்டார். கை ஒவ்வொன்றும் பனங்கிழங்குக் கட்டு மாதிரி அகலம். சுவாமி சொல்லி சென் அல்பேட்ஸ் அவரைக் காசு வாங்காமல் எடுத்தது. படிப்பில் அவர் என்னை விடக் கொஞ்சம்தான் மேல். கோல் கம்பத்துக்கு நடுவே நின்றால் அவரை விட மேலான ஆள் யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை.

1976இல் பாடசாலைகளின் ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, முதல் இரண்டு இடம் வந்த கல்லூரிகளுக்கு இறுதியாட்டம் வைத்தார்கள். ஒரு பக்கம் சென் அல்பேட்ஸ். மற்றப் பக்கம் தோட்டப் பக்கத்து வாணி கல்லூரி. கடைசி ஐந்து நிமிஷத்தில் வாணிக்கு ஒரு பெனால்ரி கிடைத்தது. அடித்தவர் அவர்களுடைய தலைவர் இராஜேந்திரன். அவருடைய வலது கால் அடிக்கு அந்தக் காலத்தில் கம்பமே ஆடும். ஸ்ரனிஸ்லாஸ் வலப் பக்கம் பாய்ந்து பந்தை நெஞ்சோடு கட்டிப்பிடித்துவிட்டார். எங்கள் கல்லூரி ஒன்றுக்குப் பூச்சியம் வென்றது. அதற்குப் பிறகு இராஜேந்திரன் எந்தச் சந்திக்குப் போனாலும் "என்ன, பந்தைக் கையிலையே குடுத்திட்டியாம்?" என்று கேட்பார்களாம். அவரே எனக்குச் சொன்ன கதை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு ஊரில் இளம் ஆள் இருக்க முடியாமல் போனது. ஸ்ரனிஸ்லாசிடம் பாஸ்போட் இல்லை. எடுக்கக் கொழும்புக்குப் போகவும் முடியாது. தமையனிடம் ஒன்று இருந்தது. வளைகுடா நாட்டு வேலைக்கென்று எடுத்து வைத்து, பிறகு கலியாணம் முடித்து, போகாமலே விட்ட பாஸ்போட். அண்ணனுக்கும் தம்பிக்கும் இரண்டு வயது வித்தியாசம். முகம் ஒரே அச்சு. தமையனுக்கு மீசை உண்டு, இவருக்கு இல்லை. இவர் ஒரு மாதம் வீட்டுக்குள் இருந்து மீசை வளர்த்தார். மொஸ்கோ, கிழக்கு பேர்ளின், மேற்கு பேர்ளின் என்று சுற்றி 1984 மாசியில் பாரிசுக்கு வந்து இறங்கினபோது அவர் அருட்பிரகாசம். அந்த மீசையை அவர் இன்று வரைக்கும் எடுக்கவில்லை.

வந்தவுடனே என்னிடம் வந்திருந்தால் சரியாகச் சொல்லிக் கொடுத்திருப்பேன். எத்தனை பேருக்கு நான் வழி சொன்னவன். ஆனால் அவர் முதலில் பாரிசின் ஸ்டாலின்கிராட் பகுதியில் ஒரு அறையில் ஐந்து பேரோடு போய்ச் சேர்ந்தார். அந்த ஐந்து பேரும் சொன்னார்கள்: "பாஸ்போட்டிலை உள்ள பேரையே அகதி விண்ணப்பத்திலையும் குடு." கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வேலைக்கு, வைத்தியத்துக்கு, மெற்றோ மாதச் சீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவர் அருட்பிரகாசம்தான். எங்கள் ஆட்களுக்கு மட்டும் ஸ்ரனிஸ்.

தாயார் எழுதுகிற கடிதங்கள் என் கடை விலாசத்துக்குத்தான் வரும். உறையில் மூத்த மகனின் பெயர். உள்ளே "என் செல்லம் ஸ்ரனிஸ்" என்று தொடங்கும். கடிதத்தின் நடுவில் "அண்ணா சுகமாக இருக்கிறான், உன்னை விசாரித்தான்" என்றும் இருக்கும். வாசித்துவிட்டு அவர் சிரிப்பார். "அருட்பிரகாசம் அருட்பிரகாசத்தை விசாரிச்சிருக்கிறார், அண்ணை."

வேலை ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவுகிறது. நாள் முழுக்கச் சுடுதண்ணியும் கழுவுகிற மருந்தும். அந்த அகலமான கைகள் வெடித்துப் போயின. கிழமைக்கொரு போத்தல் தேங்காய் எண்ணெய் வாங்கிப் பூசுவார்.

1987இல் நான் ஒரு காரியம் செய்தேன். பாரிசில் அதற்கு முன் ஒரு தமிழரும் செய்யாத காரியம் என்று நான் நம்புகிறேன். ஊரில் உள்ள ஐந்து கல்லூரிகளின் பழைய மாணவர்களைச் சேர்த்து ஒரு உதைபந்தாட்டப் போட்டி தொடக்கினேன். ஆனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்த வெளிகளில் ஆடினார்கள். ஒரு கட்டுப்பாடும் இல்லை. ஒரு கல்லூரி மட்டும், அதன் வாசலையே காணாத மன்னார்ப் பெடியன் ஒருவனைக் கொண்டுவந்து ஆட வைத்துவிட்டது. அதிலிருந்து ஒரு விதி போட்டோம்: அந்தந்தக் கல்லூரியில் படித்தவர் மட்டும்தான் ஆடலாம். சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கத் தலைவர் கையெழுத்து வைத்து ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த விதியைச் சொன்னவரே இராஜேந்திரன்தான். ஆம், அவரும் பாரிசுக்கு வந்திருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். வாணி கல்லூரிக்கு மறுபடியும் தலைவர்.

கோடைகால ஆட்டங்கள் முடிய முதலிடம் வாணி, இரண்டாமிடம் சென் அல்பேட்ஸ். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அதே இரண்டு கல்லூரிக்கும் இறுதியாட்டம். லாச்சப்பலில் இரண்டு கிழமையாக வேறு கதை இல்லை.

இதை ஏதோ வெளியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் அணியில் ஆடுகிற யோனுக்கு அப்போது விமான நிலையத்தில் வேலை, கூசேன்விலில் வீடு. அவரைப் பிடித்து அங்கே உள்ள நகரசபை மைதானத்தை எடுத்தேன். புல் மைதானம், வலை கட்டின கோல், உடுப்பு மாற்ற அறை. நகரசபைக்காரர் இரண்டு நிபந்தனை சொன்னார்கள். பதிவு பெற்ற மத்தியஸ்தர் வேண்டும். ஆடுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே வேண்டும், காப்புறுதிக்காக.

பட்டியலை என் கையால் எழுதினேன். பிரெஞ்சு எழுத்தை முப்பத்து நான்கு வயதில் தனியப் பழகினவன் நான். சங்கத்தின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து வைத்து, கல்லூரியில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக, பெரிய எழுத்தில், கோடு போட்டு எழுதினேன். முதலாம் இலக்கம்: ஸ்ரனிஸ்லாஸ். நகரசபையில் சீல் குத்தி ஒரு பிரதியை மத்தியஸ்தருக்கு அனுப்பினார்கள். எங்கள் தெருவில் ஒருத்தரை ஒருத்தர் "உன்ர அட்டையிலை என்ன பேர்?" என்று கேட்கிற வழக்கம் கிடையாது. அது மரியாதை இல்லை. அதனால் அவருடைய அட்டைப் பெயர் எனக்கு நினைவிலேயே வரவில்லை.

புரட்டாதி கடைசி ஞாயிறு. கார் து நோர் ஸ்டேசனில் இருந்து ரயிலுக்குள் ஏறினது எங்கள் சனம்தான். என் மனைவி புஸ்பராணி இருநூறு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்தாள். மைதானத்தைச் சுற்றி முந்நூறு பேர் இருக்கும். தலைக்கு மேலே பத்து நிமிஷத்துக்கு ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கும்.

மத்தியஸ்தர் கபிரியேல் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, பிறகு தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுக்கு வந்தவர். காற்சட்டையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். நாங்கள் தமிழர், அவரும் தமிழர், ஆகவே சும்மா கையை ஆட்டி விடுவார் என்று நினைத்தேன். அவர் மேசையைப் போட்டு, கண்ணாடியைப் போட்டு, சீல் குத்தின பட்டியலை விரித்து, "ஒவ்வொருத்தரா கார்த்தை, அடையாள அட்டையைக் காட்டுங்க," என்றார். பிறகு கூப்பிட்டார்.

"நம்பர் ஒன்னு. ஸ்தனிஸ்லாஸ்!"

மூன்றரை வருஷமாக எந்த மேசையிலிருந்தும் அந்தப் பெயரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. ஸ்ரனிஸ்லாஸ் தன்னை அறியாமல் ஒரு அடி முன்னுக்கு வைத்தார். கை பொக்கற்றுக்குள் போனது. அங்கேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவர் இன்னும் வரேல்லை, மொசியே," என்றேன்.

"இல்லையே, ஒரு தம்பி ஒரு அடி எடுத்து வைச்சாரே."

"அவர் வேறை ஆள். கால் மரத்துப் போச்சு, உதறினவர்."

கபிரியேல் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இதோ பாருங்க பெரியவரே. பட்டியல்ல ஒரு பேரு, கார்த்துல ஒரு பேருன்னா நான் ரப்போர்ல, ஆட்ட அறிக்கையில எழுதியாகணும், கார்த் நம்பரோட. நாளைக்கே மெறிக்கு, நகரசபைக்குப் போயிடும். அப்புறம் அது எங்க போவும், எனக்குத் தெரியாது. ஆளே வரலைன்னா பேரை அடிச்சிடுவேன். வேற ஆளைப் போடறதுன்னா ரெண்டு டீம் காப்பித்தேனும் கையெழுத்து வைக்கணும். பத்து நிமிஷம் தர்றேன்." அதைச் சொல்லிவிட்டு இரண்டாம் இலக்கத்தைக் கூப்பிட்டார். மற்றப் பத்துப் பேருக்கும் தகப்பன் பெயர் முன்னுக்குப் பின்னுக்கு இருந்ததே தவிர வேறு பிழை இல்லை.

உடுப்பு மாற்றுகிற அறைக்குப் பின்னால் போனேன். ஸ்ரனிஸ்லாஸ் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒன்பது நாளிலை கொமிசன், அண்ணை," என்றார். சத்தம் போடவில்லை. "முதல் விண்ணப்பம் இல்லையெண்டு வந்திட்டுது. இந்த அப்பீல் விசாரணைதான் கடைசி. அங்கை போய் நான் அருட்பிரகாசம் எண்டு என்ர கதையைச் சொல்லுறன். அதே கிழமை ஒரு கடதாசி, 'இவர் ஸ்ரனிஸ்லாஸ்' எண்டு போய்ச் சேர்ந்தால்? பிறகு நான் சொல்லுற ஒரு சொல்லையும் நம்ப மாட்டினம். திருப்பி அனுப்பிப்போடுவினம்."

"அந்தக் கடதாசி போகாது."

"போகாதுதான். நான் ஆடேல்லை. வீட்டை போறன்."

வேறு கோல் காப்பாளர் எங்களிடம் இல்லை. ஆனால் அந்த நேரம் எனக்குக் கப் நினைவில் வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அவர் கையுறையை உறைக்குள் மடித்து வைத்த விதத்தைத்தான் பார்த்தேன். முதலாவது சம்பளத்தில் வாங்கின கையுறை. வெடித்த கைக்கு மேலே போட்டால் நோகும், ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் போட்டார்.

நான் வாழ்க்கையில் ஒருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டவன் இல்லை. அன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் கட்டின முடிச்சை நானே அவிழ்த்தேன். படித்த ஆட்கள் ஐந்து பேர் அங்கே நின்றார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் ஓடவில்லை.

"நில்லு," என்றேன். "ஸ்ரனிஸ்லாஸ் வரேல்லை. அவரை வெட்டட்டும். நீ அருட்பிரகாசம். உன்ர கார்த் சரியான கார்த். நீ பதிலுக்கு வந்த ஆள்."

"அண்ணை, அருட்பிரகாசம் எங்கட கல்லூரியிலை படிக்கேல்லை. விதி இருக்கு. இராஜேந்திரன் கையெழுத்து வைக்கோணும். அவர் வைப்பாரே? என்ர அண்ணனையும் தெரியும், என்னையும் தெரியும் அந்தாளுக்கு."

"வா," என்றேன்.

வாணி ஆட்கள் மைதானத்தின் மற்றக் கரையில் பந்து உருட்டிக்கொண்டு நின்றார்கள். இராஜேந்திரன் சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தை நாலு வரியில் சொன்னேன். கொமிசன், ஒன்பது நாள், பட்டியல். என் பிழை என்பதையும் சொன்னேன், கொஞ்சம் விரைவாக.

பக்கத்தில் நின்ற ஒரு பெடியன் உடனே குதித்தான். "அண்ணை, வைக்காதேங்கோ! கோலி இல்லாட்டிக் கப் எங்கடை."

இராஜேந்திரன் நிமிர்ந்தார். "கோலி இல்லாத கோலுக்குள்ளை அடிக்கிறதுக்கு நான் ஏன்ரா கூசேன்வில் வரோணும்? லாச்சப்பல் பாலத்துக்குக் கீழை நிண்டு அடிச்சிருப்பனே."

பிறகு ஸ்ரனிஸ்லாசைப் பார்த்தார். மேலிருந்து கீழ் வரைக்கும், மாடு வாங்க வந்தவர் மாதிரி.

"ஐயா ஆர்?"

"அருட்பிரகாசம்," என்றார் இவர்.

"ஓ, மூத்தவரோ! கடலுக்குப் போறவர் எல்லோ? எனக்கு உங்களை நல்லாத் தெரியும். உங்களுக்கு வலை பிடிக்கத் தெரியும், பந்து பிடிக்கத் தெரியாது. தம்பிதான் கெட்டிக்காரன். அவர் வரேல்லையோ?"

"அவருக்குச் சுகமில்லை."

"பாவம். சொல்லுங்கோ, இராஜேந்திரன் தேடினவன் எண்டு." என் கையிலிருந்து பேனையை வாங்கினார். தன்னுடைய ஆட்கள் பக்கம் திரும்பி, "எனக்குப் போன வருஷம்தான் கார்த் கிடைச்சது. அந்தக் கொமிசன் கதிரையிலை நானும் இருந்தனான், ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது," என்றார். கபிரியேலின் மேசைக்குப் போய், அருட்பிரகாசம் என்பவர் சென் அல்பேட்ஸ் கல்லூரியின் பழைய மாணவர்தான் என்று ஒப்புக்கொண்டு, எங்கள் காப்பித்தேனின் கையெழுத்துக்குப் பக்கத்தில் தானும் கையெழுத்து வைத்தார். வைத்துவிட்டு ஸ்ரனிஸ்லாசின் காதுக்குக் கிட்டப் போனார். "பெனால்ரி வந்தால் நான்தான் அடிப்பன். தெரியுமே?"

"பதினொரு வருஷமாத் தெரியும்," என்றார் இவர்.

கபிரியேல் பட்டியலில் ஸ்ரனிஸ்லாஸ் என்ற பெயரை அடிமட்டம் வைத்து வெட்டினார். கீழே புதுப் பெயரை எழுதினார். அட்டையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

நான் ஓடிப்போய் எங்கள் சனத்துக்குச் சொன்னேன்: "இண்டைக்கு அவர் அருட்பிரகாசம். ஆராவது மற்றப் பேரைச் சொல்லிக் கத்தினால் ரோல்ஸ் இல்லை." புஸ்பராணி பெட்டியை மூடிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினாள்.

ஆட்டம் தொடங்கினது. முதல் இருபது நிமிஷத்தில் ஸ்ரனிஸ்லாஸ் மூன்று பந்து பிடித்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கத்திலிருந்து "ஸ்ர..." என்று ஒரு சத்தம் எழும்பி, தொண்டையில் நின்று, "...அருட்பிரகாசம்!" என்று இறங்கும். வாணிப் பக்கம் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். "அருட்பிரகாசத்தார், வள்ளம் கரைக்கு வந்திட்டுதோ?" "மூத்தவர், உங்கட தம்பி இதைப் பிடிச்சிருப்பார்!"

பிறகு அந்தப் பிழை நடந்தது. ஒரு உயரப் பந்து வந்தது. எங்கள் பின்வரிசையில் நின்ற யோன் தலையால் தட்டிக் கோல் காப்பாளரிடம் விடப் பார்த்தார். சொன்னபடியே, முறையாக, "அருட்பிரகாசம், உனக்கு!" என்று கத்திவிட்டு விலகினார். ஸ்ரனிஸ்லாஸ் அசையவில்லை. வேலையிடத்தில், கந்தோரில் அந்தப் பெயரைக் கேட்டால் திரும்புவார். கோலுக்குள் நிற்கும்போது அது அவருடைய பெயர் இல்லை. அண்ணனுடைய பெயர். பந்து இருவருக்கும் நடுவே நிலத்தில் குத்தி எழும்பியது. வாணிப் பெடியன் ஒருவன் ஓடிவந்து தட்டிவிட்டான். ஒன்றுக்குப் பூச்சியம்.

யோன் ஆத்திரத்தில் வந்தார். "செவிடோ? கத்தினன் எல்லோ!"

"என்னைக் கத்தேல்லையே," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். சொன்னபிறகு தானே நாக்கைக் கடித்தார்.

இடைவேளையில் நான் ஒரு வழி சொன்னேன். பெயரே வேண்டாம், "கோலி" என்று கத்துங்கோ. இது பெரிய மூளைவேலை இல்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அப்போது அவர்களுக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டாம் பாதியில் பின்வரிசை பிழை விடவில்லை. எழுபதாவது நிமிஷத்தில் யோனே முன்னுக்குப் போய், மூலை உதையிலிருந்து தலையால் ஒரு கோல் போட்டார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்றில் முடிந்தது. பெனால்ரிக்குப் போனது.

ஐந்து ஐந்து உதை. வாணி முதலில். முதலாவது உதையை ஸ்ரனிஸ்லாஸ் கையால் தட்டிவிட்டார். எங்கள் ஆள் போட்டார். இரண்டாவது இரண்டு பக்கமும் கோல். மூன்றாவதை வாணி போட, எங்கள் ஆள் வானத்துக்கு அடித்தார். இரண்டுக்கு இரண்டு. நாலாவது உதையை ஸ்ரனிஸ்லாஸ் காலால் தடுத்தார். எங்கள் ஆள் போட்டார். மூன்றுக்கு இரண்டு.

வாணியின் ஐந்தாவது உதைக்கு இராஜேந்திரன் வந்தார். போடாவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. பந்தை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். ஒருத்தரும் பகிடி விடவில்லை. ஒரு விமானம் இறங்கி, அதன் சத்தம் போகும் வரைக்கும் கபிரியேல் விசில் ஊதாமல் நின்றார்.

ஸ்ரனிஸ்லாஸ் வலப் பக்கம் பாய்ந்தார், 1976இல் பாய்ந்த அதே பக்கம். இராஜேந்திரன் இந்த முறை இடப் பக்கம், நிலத்தோடு அடித்தார். கோல்.

அந்த மனிசன் கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. அங்கேயே குந்தி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழும்பிப் போய், நிலத்தில் கிடந்த ஸ்ரனிஸ்லாசுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

எங்கள் ஐந்தாவது உதை யோன். போட்டார். நாலுக்கு மூன்று. கப் சென் அல்பேட்சுக்கு. சனம் மைதானத்துக்குள் விழுந்தது. சத்தத்தில் ஆர் எந்தப் பெயரைக் கத்தினார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இராஜேந்திரன் என்னிடம் வந்து சொன்னார்: "கப்பை நீங்கள் கொண்டு போங்கோ, வின்சன்ற் அண்ணை. எனக்கு என்ர கோல் காணும். ஆனா ஒண்டு. அதை ஆருக்கு அடிச்சனான் எண்டு நான் வெளியிலை சொல்ல ஏலாது. அதுதான் கொஞ்சம் கவலை."

கபிரியேல் ரப்போரை எழுதி முடித்து எனக்குக் காட்டினார். கோல் காப்பாளர், அருட்பிரகாசம். குறிப்பிட ஒன்றும் இல்லை என்று கீழே எழுதியிருந்தது. மேசையை மடித்துக்கொண்டே ஸ்ரனிஸ்லாசைக் கூப்பிட்டார்.

"மொசியே, ஒன்னு சொல்லட்டுமா? உங்க தம்பி வந்ததும் சொல்லுங்க. ரொம்ப நல்லா ஆடினாருன்னு."

இவர் "மெர்சி" என்றார்.

ஒன்பதாம் நாள் கொமிசனுக்கு நானும் போனேன். கடையை அன்றைக்குப் பூட்டினேன். பெரிய வெள்ளிக்குக்கூடப் பூட்டாத கடை. உள்ளே அவரும் வழக்கறிஞரும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும். இருபது நிமிஷத்தில் வந்தார். "பேர் கேட்டவை. சொன்னன்," என்றார். மார்கழி நடுப்பகுதியில் பதில் வந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டோம். அருட்பிரகாசத்துக்கு.

இங்கே கதையை நிற்பாட்டலாம். ஆனால் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். ஆட்டம் முடிந்த அடுத்த கிழமையே வெற்றிச் செய்தியையும் அணிப் படத்தையும் பதினொரு பேரின் பெயர்களையும் ஊருக்கு, கல்லூரி அதிபர் சுவாமிக்கு அனுப்பினேன். ஒரு முறை பட்டியலில் பிழை விட்டவன், இந்த முறை கவனமாக ரப்போரில் உள்ள பெயர்களையே எழுதினேன். ஐப்பசியில் அங்கே சண்டை தொடங்கிவிட்டது. தபால் இல்லை. கடிதம் போகவில்லை என்றே நினைத்தேன். 1988 சித்திரையில் பதில் வந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் எண்ணெய் வாங்க வந்திருந்தார். நான் வாசிக்கக் கொடுத்தேன். அரிசி மூட்டையில் குந்தியிருந்து வாசித்தார். சுவாமி எழுதியிருந்தது இது:

"அன்புள்ள வின்சன்ற், கல்லூரி விடுதியின் கூரை போய்விட்டது. பழைய பதிவேடுகள் பத்திரமாக உள்ளன. வெற்றி பெற்ற எமது பிள்ளைகளின் பெயர்களைச் சரிபார்த்தோம். பத்துப் பேர் உள்ளனர். அருட்பிரகாசம் என்னும் பெயரில் எமது கல்லூரியில் ஒருவரும் படிக்கவில்லை. படத்தில் மீசையுடன் நிற்பவர், 1976இல் எமக்குக் கோல் காத்த ஸ்ரனிஸ்லாசின் தமையனாராக இருக்கலாம். சாயல் உண்டு. அந்தத் தம்பி எங்கே இருக்கிறார்? உயிரோடு, சுகமாக இருக்கிறாரா? அவரைப் பற்றி இங்கு பலரும் கேட்கிறார்கள். அறிந்தால் எழுதவும்."

அவர் இரண்டாம் தரமும் வாசித்தார். கண் கலங்கினதா என்று நான் பார்க்கவில்லை, ஒரு ஆள் மிளகாய்த்தூள் கேட்டு நின்றார். திரும்பி வந்தபோது என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கல்லாவுக்கு மேலே வைத்து எழுதிக்கொண்டிருந்தார்.

"பழைய பேரைப் போட்டு எழுதிப்போடாதை," என்றேன். "உறையைப் பிரிச்சுப் பாக்கிற காலம்."

"தெரியும் அண்ணை."

எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். என் கையெழுத்து போல அழகில்லை. ஆனாலும் வாசிக்கலாம்.

"மதிப்புக்குரிய சுவாமி, தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயிரோடு இருக்கிறார். சுகமாக இருக்கிறார். என்னோடுதான் இருக்கிறார். கைகள் மட்டும் கொஞ்சம் வெடித்திருக்கின்றன. 1976ஐ அவர் மறக்கவில்லை என்று சொல்லச் சொன்னார். இப்படிக்கு, தமையன் அருட்பிரகாசம்."

உறை என் கடை உறை. முத்திரையும் நான்தான் ஒட்டினேன்.